எஃப்பிஎஸ் 60 காட்டுகிறது, ஆனாலும் கேம் திக்குகிறது: லினக்ஸில் எங்கே பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது. ரைசன் 5 5600ஹெச் சிபியு, 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் திரை கொண்ட லேப்டாப். விண்டோஸும் உபுண்டு 24.04-உம் டூயல் பூட். ஸ்டீமில் தி விட்சர் 3 ஆடுகிறார். எஃப்பிஎஸ், அதாவது வினாடிக்கு வரும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை, 55, 60 என்று நன்றாகவே காட்டுகிறது, ஆனால் சில வினாடிகளுக்கு ஒருமுறை படம் ஒரு கணம் நின்று துள்ளுகிறது. நகரத்துக்குள் நுழைந்தால் மோசம், அரை மணி நேரம் ஆடினால் இன்னும் மோசம். விண்டோஸில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கேம்மோட் போட்டாயிற்று, வேறு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாற்றியாயிற்று, ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் ஏழெட்டு வரி ஒட்டியாயிற்று. இனி என்ன செய்வது, கேமுக்கென்றே இருக்கும் வேறு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) மாறலாமா?

முதல் வேலையாக அந்த ஏழெட்டு வரிகளையும் அழித்துவிடுங்கள். கர்னலையும் உபுண்டு கொடுத்ததற்கே திருப்பிவிடுங்கள். இணையத்தில் சுற்றும் லாஞ்ச் ஆப்ஷன்களில் பாதி, நான்கைந்து வருடத்துக்கு முந்தைய டிரைவருக்காக யாரோ எழுதியவை. விண்டோஸ் கேமின் கிராஃபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுப்பது டிஎக்ஸ்விகே; அதற்கான ஏசிங்க் வரியை இன்றும் பலர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான டிஎக்ஸ்விகே அதைக் கண்டுகொள்வதே இல்லை. சில வரிகள் வேலை செய்யாது, சில கெடுதலே செய்யும். எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்போது எது எதைச் செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் சிஸ்டத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து, எஃப்பிஎஸ் எண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அது ஒரு சராசரி, அவ்வளவுதான். ஒரு வினாடியில் 59 ஃப்ரேம்கள் தலா 14 மில்லிசெகண்டில் வந்து, கடைசி ஒன்று மட்டும் 174 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மொத்தம் 60 ஃப்ரேம், சரியாக ஒரு வினாடி. கவுண்டர் 60 என்று பெருமையாகக் காட்டும். உங்கள் கண்ணுக்கோ படம் ஆறில் ஒரு பங்கு வினாடி உறைந்து நின்றது தெரியும். ஆக, தேட வேண்டியது ஃப்ரேம் டைமை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தை. அதை வரைபடமாகப் பார்த்தால், 60 எஃப்பிஎஸ்ஸில் கோடு 16.7 மில்லிசெகண்டில் தட்டையாகப் போக வேண்டும்.

இதற்கு மேங்கோஹட் என்ற சிறு செயலி போதும். உபுண்டுவின் களஞ்சியத்திலேயே அந்தப் பெயரில் பேக்கேஜ் இருக்கிறது. ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷனில், கட்டளைக்கு முன்னால் மேங்கோஹட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, mangohud %command% என்று எழுதினால் திரையின் மூலையில் விவரங்கள் வந்துவிடும். வலது ஷிஃப்ட்டோடு எஃப்12 அழுத்தினால் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். இயல்பாக அது கொஞ்சம் விவரம்தான் காட்டும். விஆர்ஏஎம் (கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்), ரேம், ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்), ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கிளாக், வெப்பநிலை எல்லாம் தெரியும்படி ஆன் செய்துகொள்ளுங்கள். கன்ஃபிக் ஃபைலைத் திருத்தப் பிடிக்காவிட்டால் கோவர்லே என்ற செயலியில் டிக் அடித்தே செய்யலாம்.

மேங்கோஹட் வரவே இல்லையென்றால் அதுவும் ஒரு துப்புதான். உபுண்டுவின் ஆப் சென்டரில் தேடி ஸ்டீமை நிறுவியிருந்தால் உங்களிடம் இருப்பது ஸ்னாப் பதிப்பு. அது தன் பெட்டிக்குள்ளேயே அடைபட்டு ஓடும். வெளியே நீங்கள் நிறுவிய மேங்கோஹட் அதன் கண்ணில் படாது, கிராஃபிக்ஸ் லைப்ரரிகளையும் அந்த ஸ்னாப் தானே சுமந்து வரும். 2024 ஜனவரியில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே, ஸ்னாப் ஸ்டீமால் நிறைய பிரச்சினைகள் வருகின்றன, டெப் (உபுண்டுவின் வழக்கமான வகை) பேக்கேஜைப் பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டீம் தளத்திலிருந்து டெப் ஃபைலை இறக்கி நிறுவுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, கோடு திரையில் வந்துவிட்டது. இப்போது எதையும் மாற்றாமல் கொஞ்ச நேரம் ஆடுங்கள். கோடு எப்போது குதிக்கிறது, குதிக்கும்போது பக்கத்தில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். திக்கலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். புது இடம், புது எதிரி, புது மந்திரம் வரும்போது மட்டும் குதித்து, இரண்டாம் முறை அதே இடத்தில் குதிக்காவிட்டால் அது ஷேடர் (காட்சியை வரைய ஜிபியுவில் ஓடும் சிறு புரோகிராம்) சமாச்சாரம். ஆட ஆட மோசமானால் நினைவகம் அல்லது சூடு. கடிகாரம் மாதிரி சம இடைவெளியில் குதித்தால் பின்னணியில் ஏதோ ஒன்று குறித்த நேரத்துக்கு ஓடுகிறது. டாஸ்க் பாரில் வெப்பநிலை காட்டும் க்னோம் (உபுண்டுவின் டெஸ்க்டாப்) எக்ஸ்டென்ஷன்களை முதலில் நிறுத்திப் பாருங்கள். படத்தோடு மவுஸும் சத்தமும் சேர்ந்தே நின்றால் பிரச்சினை கேமில் இல்லை, சிஸ்டத்தில் இருக்கிறது. கோடு தட்டையாகவே இருந்தும் கண்ணுக்குத் துள்ளல் தெரிந்தால், ஃப்ரேம் சரியாகத் தயாராகித் திரைக்குப் போகும் வழியில் கெடுகிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது நகரத்தில் மோசம், நேரம் ஆக ஆக இன்னும் மோசம் என்பது, 4 ஜிபி விஆர்ஏஎம்மும் 8 ஜிபி ரேமும் சேர்ந்து நிரம்பும்போது வருவது. என் பந்தயம் இதன் மேல்தான்.

ஆர்டிஎக்ஸ் 3050-இன் ஜிபியு தன் விஆர்ஏஎம்மோடு வினாடிக்குச் சுமார் 190 ஜிபி வேகத்தில் பேசும். விஆர்ஏஎம்மில் இடம் இல்லாமல் ஒரு டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படம்) சாதாரண ரேமுக்குத் தள்ளப்பட்டால், அதை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக எடுத்துவர வேண்டும். 5600ஹெச்சில் அந்தப் பாதையின் வேகம் வினாடிக்கு 8 ஜிபி அளவுதான். விட்சரின் நோவிகிராட் நகருக்குள் நுழையும் வாசலில் மேங்கோஹட்டைப் பாருங்கள்: விஆர்ஏஎம் 3.8, 3.9 என்று முட்டிக்கொண்டிருக்கும், ஜிபியு லோடு திடீரென 95-இலிருந்து 40 சதவீதத்துக்கு விழும், அதே நொடியில் ஃப்ரேம் டைம் கோடு ஊசி மாதிரி மேலே போகும். ஜிபியு சும்மா இருக்கிறது, சரக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று நொடிக்கு நொடி பார்த்து மாற்றும் வேலையை விண்டோஸ் நன்றாகச் செய்கிறது. லினக்ஸில் என்விடியா டிரைவர் அந்த விஷயத்தில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அதே கேம் அங்கே சமாளித்து இங்கே திக்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, கேமைத் தொடங்கும்போது ஸ்டீம் கேட்கும் கேள்வியில் டிஎக்ஸ்11-ஐ (விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் 11ஆம் பதிப்பு) தேர்ந்தெடுங்கள். 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டோடு விட்சர் 3-க்கு டிஎக்ஸ்12 பதிப்பு வந்தது. அது விண்டோஸிலேயே கனமானது. போதாததற்கு என்விடியா கார்டில் டிஎக்ஸ்12 கேம்கள் லினக்ஸில் விண்டோஸைவிட மெதுவாக ஓடுவதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 4 ஜிபி கார்டில் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) வேண்டும் என்று நினைத்தால்தான் டிஎக்ஸ்12 பக்கம் போகணும், அப்படி நினைக்காதீர்கள். இரண்டாவது, டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். டெக்ஸ்சரை இறக்கினால் எஃப்பிஎஸ் அதிகரிக்காது என்று பலர் அதைத் தொடுவதில்லை. எஃப்பிஎஸ் அதிகரிக்காதுதான். ஆனால் விஆர்ஏஎம் 3.9-இலிருந்து 3.3-க்கு வந்தால் திக்கல் போய்விடும், நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாவது, அந்த 4 ஜிபியில் கேமைத் தவிர வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் கீழே ஒரு பட்டியல் வரும். க்னோம் ஷெல், பிரவுசர், டிஸ்கார்ட் எல்லாம் அதில் உட்கார்ந்திருந்தால் டெஸ்க்டாப் முழுவதும் என்விடியா கார்டிலேயே ஓடுகிறது. என்விடியா செட்டிங்ஸில் பிரைம் ப்ரொஃபைல்ஸ் என்ற பக்கத்தில் ஆன்-டிமாண்ட் முறையைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப் ரைசனுக்குள் இருக்கும் ரேடியான் கிராஃபிக்ஸுக்குப் போய்விடும், கார்டு முழுக்கக் கேமுக்குக் கிடைக்கும். கேம் நிஜமாகவே என்விடியாவில்தான் ஓடுகிறதா என்று மேங்கோஹட்டில் ஜிபியு பெயரைக் காட்டச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியான் பெயரோ, அதைவிட மோசமாக எல்எல்விஎம்பைப் என்றோ வந்தால் டிரைவர் சரியாக நிறுவப்படவில்லை. எல்எல்விஎம்பைப் என்றால் சிபியுவே படம் வரைந்துகொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஹெச்டிஎம்ஐயில் வெளி மானிட்டர் மாட்டி ஆடுபவர்களுக்கு ஆன்-டிமாண்ட் ஒத்துவராமல் போகலாம். நிறைய லேப்டாப்களில் அந்த போர்ட் நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். டெஸ்க்டாப் ரேடியானில் இருந்தால் ஃப்ரேம்கள் இரண்டுக்கும் நடுவில் நடையாய் நடக்கும். அவர்களுக்கு பெர்ஃபாமன்ஸ் முறைதான் சரி.

அடுத்தது ரேம். 8 ஜிபியில் ரேடியான் கிராஃபிக்ஸ் தன் பங்குக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் க்னோம், ஸ்டீம், ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் கருவி), கேம். பிரவுசரில் நாலு டேப் திறந்திருந்தால் கதை முடிந்தது. பக்கத்தில் ஒரு டெர்மினலில் விஎம்ஸ்டாட் கட்டளையை 1 என்ற எண்ணோடு ஓடவிட்டு ஆடுங்கள். வினாடிக்கு ஒரு வரி வரும். அதில் எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள் இருக்கும், ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும். ஆடும்போது இவை பூஜ்யமாகவே இருந்தால் ரேம் மேல் பழி போடாதீர்கள். திக்கல் வரும் போதெல்லாம் எஸ்ஐயில் ஆயிரக்கணக்கில் எண் வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

உடனடி நிவாரணம் இசட்ரேம். நினைவகத்தில் பயன்படாத பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஃபெடோரா 2020-இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்தே இதை இயல்பாக வைத்திருக்கிறது. உபுண்டுவில் நாமாக இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜை நிறுவ வேண்டும். இதோடு ஸ்வாப்பினெஸ் (கர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பை நாடும் என்ற அளவு) மதிப்பை 10 ஆக்கு என்று இணையம் முழுக்க ஒரு பழைய அறிவுரை உண்டு. அது சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்து அறிவுரை. இசட்ரேம் இருக்கும்போது நேர்மாறாக 100-க்கு மேல், 180 வரைகூட வைப்பார்கள், ஏனென்றால் இசட்ரேமுக்குப் போய்வருவது டிஸ்குக்குப் போய்வருவதைவிடப் பல மடங்கு வேகம். கர்னல் 5.8 முதல் 200 வரை வைக்க அனுமதி இருக்கிறது.

நிரந்தர நிவாரணம் இன்னொரு 8 ஜிபி ரேம். லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்தால் டிடிஆர்4 3200 எஸ்ஓடிம் ஒன்று வாங்கிப் போடுங்கள். இடம் கூடுவது ஒரு பக்கம். ஒற்றை ரேமோடு விற்கப்படும் லேப்டாப் சிங்கிள் சேனலில் ஓடும். இரண்டாவது போட்டால் டூயல் சேனல் ஆகி நினைவகப் பாதை இரட்டிப்பாகும். சிபியு வேலை அதிகம் கேட்கும் நகரக் காட்சிகளில் ஃப்ரேம் டைம் கோடு சமனாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தப் பதிலில் காசு செலவாகும் ஒரே யோசனை இதுதான், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தருவதும் இதுதான்.

டூயல் பூட் என்று சொன்னீர்களே, கேம் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது? இடத்தை மிச்சப்படுத்த விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் கேமையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிடுவது பலருடைய வழக்கம். ஃபைண்ட்எம்என்டி கட்டளையில் அந்தப் பார்ட்டிஷனுக்கு எதிரே ஃப்யூஸ்பிளாக் என்று வந்தால் விண்டோஸின் ஃபைல் அமைப்பான அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன், என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக மவுண்ட் ஆகியிருக்கிறது. கர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண புரோகிராமாக ஓடி, கேட்கும் ஒவ்வொரு ஃபைலையும் கைமாற்றிக் கொடுக்கும் டிரைவர் அது. திறந்தவெளி கேம் ஒன்று ஓயாமல் டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். குதிரையில் வேகமாகப் போகும்போது டாப் கட்டளையைப் பார்த்தால் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்ற பெயர் சிபியு பட்டியலில் மேலே ஏறி நிற்கும். கர்னல் 5.15 முதல் என்டிஎஃப்எஸ்3 என்ற உள் டிரைவர் இருக்கிறது, வேகமும் பரவாயில்லை. ஆனாலும் ப்ரோட்டான் தன் ஃபோல்டருக்குள் பெயரில் முக்காற்புள்ளி வரும் இணைப்புகளை உருவாக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அது தகராறு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் பார்ட்டிஷனில் எழுதவே முடியாமல் போவதும் உண்டு. எனவே தயங்காமல் எக்ஸ்ட்4 (லினக்ஸின் சொந்த ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனில் ஒரு ஸ்டீம் லைப்ரரி உருவாக்கி, ஸ்டீமின் ஸ்டோரேஜ் பக்கத்திலிருந்தே கேமை அங்கே நகர்த்துங்கள். அது எஸ்எஸ்டியாக இருக்கட்டும்.

இனி ஷேடர். விண்டோஸுக்கு எழுதிய கேமின் டிஎக்ஸ்11 கட்டளைகளை டிஎக்ஸ்விகே, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கார்டுக்கு ஏற்றபடி ஷேடர்களைக் கம்பைல் செய்ய வேண்டும், முன்பெல்லாம் அது காட்சி வரும் கணத்தில்தான் நடக்கும். புது எதிரி வாயிலிருந்து நெருப்பு கக்கினால் கேம் அரை வினாடி நிற்கும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இந்த நிலைமையைப் பெரிதும் மாற்றியது. கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற வல்கன் வசதியால் ஷேடர்களைத் துண்டு துண்டாக, கேம் லோடாகும்போதே கம்பைல் செய்துவிட முடிகிறது. என்விடியாவில் புதிய டிரைவர்களில் அது இருக்கிறது. ஏஎம்டிக்கு, அதன் டிரைவர்கள் அடங்கிய மெசா தொகுப்பின் 23.1 முதல் இயல்பாகவே ஆனில் இருக்கிறது. ஆக உங்களுக்கு இன்றும் ஷேடர் திக்கல் பலமாக இருந்தால் டிரைவரோ ப்ரோட்டானோ பழசு என்று சந்தேகப்படலாம். டிஎக்ஸ்விகே 2.0-க்கு வல்கன் 1.3 தேவை. ஜிடி 710 மாதிரி 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்ட கெப்ளர் கார்டுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஸ்டீம் கேமைத் தொடங்கும் முன் வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஒரு பட்டியைக் காட்டும், பக்கத்தில் ஸ்கிப் பட்டன் இருக்கும். எல்லாரும் ஸ்கிப்பை அழுத்திவிட்டு அப்புறம் திக்குகிறது என்று வருவார்கள். அழுத்தாமல் பொறுங்கள். ஆடாத நேரத்தில் இந்த வேலையைச் செய்ய ஸ்டீம் செட்டிங்ஸில் பின்னணி அனுமதி ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்யலாம். ஆடும்போது சிபியு காரணமில்லாமல் ஏறிக்கிடந்தால் டாப்பில் ஃபாசிலைஸ் என்ற பெயர் தென்படுகிறதா என்றும் பாருங்கள். வேறொரு கேமின் ஷேடரை அது அரைத்துக்கொண்டிருக்கலாம். டிரைவர் அப்டேட் ஆனால் பழைய கேச் செல்லாது, முதல் நாள் கொஞ்சம் திக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு அப்டேட் கெட்டது என்று திரும்பிப் போகாதீர்கள்.

எல்லாத் திக்கலையும் லினக்ஸ் தலையில் கட்டவும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங் வெளியானபோது விண்டோஸிலேயே மோசமாகத் திக்கியது. வால்வ் ப்ரோட்டான் பக்கத்தில் நினைவக ஒதுக்கீட்டைச் சீர்செய்ததால், சில வாரங்களுக்கு, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் கருவியில் ஆடியவர்கள் விண்டோஸ்காரர்களைவிட நிம்மதியாக ஆடினார்கள். அன்ரியல் எஞ்சின் கேம்கள் பலவற்றில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடக்கும்போது வரும் திக்கல் எந்த இயங்குதளத்திலும் இருக்கும். அதற்கு நம்மால் ஆவது ஒன்றும் இல்லை.

இப்போது கோடு தட்டையாக இருந்தும் கண்ணுக்குத் துள்ளும் வகை. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ், கேம் 60 எஃப்பிஎஸ். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. திரை ஒரு ஃப்ரேமை 2.4 தடவை காட்ட முடியாது. சில ஃப்ரேமை இரண்டு தடவை, சிலதை மூன்று தடவை காட்டும். கேமராவை மெதுவாகத் திருப்பினால் இந்த ஏற்ற இறக்கம் நடுக்கமாகத் தெரியும். கேம் ஒவ்வொரு ஃப்ரேமையும் மிகச் சரியான நேரத்தில் கொடுத்தாலும் இது வரும். மேங்கோஹட்டிலேயே எஃப்பிஎஸ் வரம்பு வைக்கலாம்: 72 வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு தடவை, 48 வைத்தால் மூன்று தடவை. உங்கள் கார்டுக்கு நகரத்தில் 72 எட்டாது என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு 60-இல் பூட்டுங்கள். உயரத் தாவி விழும் 80-ஐவிட அசையாத 48 கண்ணுக்கு இதமானது, ஆடிப் பார்த்தால் புரியும். விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்பத் திரையும் மாறும் வசதி) உள்ள திரை இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் அது அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் இருக்கிறது, க்னோமில் 46ஆம் பதிப்பில் சோதனை வசதியாக வந்தது.

இதே வகையில் சேருவது வேலேண்டும் (டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் லினக்ஸின் புதிய முறை) என்விடியாவும் சேர்ந்து செய்த பழைய குழப்பம். ஃப்ரேம்கள் முன்னுக்குப் பின் மாறி வருவது, மின்னுவது, துள்ளுவது எல்லாம் இருந்தது. 2024 நடுவில் 555 வரிசை டிரைவரோடு எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (ஃப்ரேம் தயாராகிவிட்டதை வெளிப்படையாகத் தெரிவிக்கும் முறை) வந்து அதைத் தீர்த்தது. ஆனால் டிரைவர் மட்டும் புதிதாக இருந்தால் போதாது. க்னோமும், பழைய எக்ஸ் செயலிகளை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்டும்கூட அதை அறிந்திருக்க வேண்டும். உபுண்டு 24.04 வெளியானபோது அதனோடு வந்த எக்ஸ்வேலேண்ட் அதற்கு முந்தியது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: லாக்அவுட் ஆகி, பாஸ்வேர்டு கேட்கும் திரையில் மூலையில் இருக்கும் சக்கரத்தை அழுத்தி உபுண்டு ஆன் எக்ஸார்க் (வேலேண்டுக்கு முந்தைய பழைய முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தை ஆடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அங்கேயே இருங்கள்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. லேப்டாப்பில் சிபியுவும் ஜிபியுவும் ஒரே ஹீட்சிங்க்கைப் பங்கு போட்டுக்கொள்ளும். மேங்கோஹட்டில் வெப்பநிலை 90-ஐத் தாண்டியபடி இருந்து, ஜிபியு கிளாக் 1700-இலிருந்து 700-க்கு விழுந்து மறுபடி ஏறினால் அது த்ராட்டில், அதாவது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. என்விடியா-எஸ்எம்ஐயை விரிவான முறையில் கேட்டால் கிளாக்கைக் குறைத்ததற்குக் காரணம் வெப்பமா, மின்சார வரம்பா என்று அதுவே சொல்லும். மின்சார வரம்பு என்றால் சார்ஜர் ஒரிஜினல்தானா என்று பாருங்கள். கையில் கிடைத்த டைப்-சி சார்ஜரில் ஆடினால் இப்படித்தான் ஆகும். பவர் மோடும் பேலன்ஸ்டிலோ பெர்ஃபாமன்ஸிலோ இருக்கட்டும். கேம்மோட் செய்வதும் பெரும்பாலும் இதையேதான்: ஆடும்போது சிபியு கவர்னரை (அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை) பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றுகிறது. வைத்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை, அற்புதமும் நடக்காது.

இத்தனைக்கும் அகப்படாவிட்டால் அரிதான சில இருக்கின்றன. அரை மணி நேரம் ஆடிய பிறகுதான் திக்கத் தொடங்குகிறது, விஆர்ஏஎம்மும் ரேமும் காலியாகவே இருக்கின்றன என்றால் ஸ்டீம் ஓவர்லேயை (கேமின் மேலேயே திறக்கும் ஸ்டீம் திரையை) சந்தேகியுங்கள். லாஞ்ச் ஆப்ஷனில் எல்டி ப்ரீலோடு மாறியைக் காலியாக வைத்தால் பலருக்கு நின்றிருக்கிறது. அப்படி வைத்தால் ஓவர்லே வராது, அதுதான் விலை. கேம் இல்லாதபோதும் டெஸ்க்டாப்பில் ஜன்னல்களை நகர்த்தினாலே இழுக்கிறது என்றால் என்விடியாவின் ஜிஎஸ்பி ஃபர்ம்வேரை, அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளைச் சந்தேகியுங்கள். 555 வரிசையிலிருந்து அது இயல்பாக ஆனில் இருக்கிறது. மூடிய கர்னல் மாட்யூலில் மட்டும் அதை நிறுத்த ஒரு ஆப்ஷன் உண்டு, திறந்த மாட்யூலில் முடியாது.

ஏஎம்டி லேப்டாப்களில் எப்போதாவது படமும் சத்தமும் சேர்ந்து ஒரு வினாடி திணறுவது எஃப்டிபிஎம்மால் (ஏஎம்டி சிபியுவோடு வரும் பாதுகாப்பு வசதி) வந்ததாகவும் படித்திருப்பீர்கள். அது நிஜம்தான். விண்டோஸில் அப்படி வருவதை ஏஎம்டியே 2022-இல் ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் கொடுத்தது. லினக்ஸில் கர்னல் 6.1 அந்தச் சிப்பிடம் ரேண்டம் எண் கேட்கத் தொடங்கியதால் இங்கேயும் வந்தது, 2023-இல் 6.5-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் உபுண்டுவில் இருப்பது 6.8 அல்லது அதற்கு மேல், எனவே அதை விட்டுவிடுங்கள். இன்டெல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: கர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் ஸ்பிளிட் லாக் என்ற சொல் கேமின் பெயரோடு வரிவரியாக வருகிறதா பாருங்கள். கர்னல் 5.19 முதல், ஒருவித மோசமான நினைவக அணுகல் செய்யும் புரோகிராம்களை வேண்டுமென்றே மெதுவாக்கும் தண்டனை ஒன்று இருக்கிறது. காட் ஆஃப் வார் கேம் இதில் மாட்டிப் படாத பாடு பட்டது. 6.2 முதல் ஸ்பிளிட் லாக் மிட்டிகேட் என்ற சிஸ்கன்ட்ரோல் (கர்னல் அமைப்பு) மதிப்பைப் பூஜ்யமாக்கினால் தண்டனை நின்றுவிடும்.

கேமுக்கென்றே இருக்கும் டிஸ்ட்ரோவுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புதிய டிரைவரும் புதிய மெசாவும் இசட்ரேமும் நிறுவிய உடனே கிடைக்கும் என்பது அவற்றின் நிஜமான நன்மை. 6.14 கர்னலில் வந்த என்டிசிங்க் மாதிரி விஷயங்களும் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். ஓயாமல் த்ரெட்களை ஒத்திசைக்கும் சில கேம்களுக்கு அது உதவும். ஆனால் 4 ஜிபி விஆர்ஏஎம் எந்த டிஸ்ட்ரோவிலும் 4 ஜிபிதான். முதலில் டெப் ஸ்டீம், எக்ஸ்ட்4, டிஎக்ஸ்11, ஒரு படி குறைந்த டெக்ஸ்சர், இந்த நான்கையும் ஒரு மாலையில் முடித்துவிட்டு ஆடிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இடது ஷிஃப்ட்டோடு எஃப்2 அழுத்தி மேங்கோஹட் பதிவை எடுங்கள். திக்கல் வரும் இடத்தில் இரண்டு நிமிடம் போதும். அந்த ஃபைலையும், டிரைவர், ப்ரோட்டான், கர்னல் பதிப்பு எண்களையும், எக்ஸார்க்கா வேலேண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள், பார்க்கலாம்.